புதிய மக்கள் மையம்: வரைபடத்துக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

மக்கள் மையம் ஒன்று கட்டலாம் என்று முடிவானதும், முதல் கூட்டத்திலேயே யாராவது ஒரு படத்தை மேஜைமேல் விரித்துவிடுவார்கள். கண்ணாடி முகப்பு, அகலமான படிக்கட்டு, வாசலில் நீரூற்று. எல்லோரும் குனிந்து பார்ப்போம். தூண் உருண்டையா சதுரமா என்று பேச்சு நீளும். கட்டிடத்துக்குள் யார், எத்தனை மணிக்கு, எதற்காக வரப்போகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

படம் அப்புறம், வாரம் முதலில்

திறப்பு விழா ஒரு நாள்தான். கட்டிடம் உழைக்கப்போவது அதற்குப் பிறகு வரும் ஆயிரக்கணக்கான சாதாரண நாட்களில். அதனால் ஒரு தாளை எடுத்து, ஏழு நாட்களையும் காலை முதல் இரவு வரை மணிவாரியாகக் கோடு போட்டு எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு யார் இருப்பார்கள்? செய்தித்தாள் படிக்க வந்த பெரியவர்கள் பத்துப் பேர், விண்ணப்பம் நிரப்ப உதவி தேடி வந்தவர்கள் நாலைந்து பேர், கைக்குழந்தையோடு ஒரு தாய். சாயங்காலம் 6 மணிக்கு? பள்ளிப் பிள்ளைகள், உடற்பயிற்சி வகுப்பு, குடியிருப்போர் கூட்டம், மூன்றும் ஒரே நேரத்தில். இப்படி எழுதிப் பார்த்தாலே, 500 பேர் அமரும் அரங்கம் வருடத்தில் எத்தனை நாள் நிறையும் என்பது பிடிபட்டுவிடும். பெரிய அரங்கம் பூட்டிக் கிடக்க, 20 பேர் உட்கார ஓர் அறை கிடைக்காமல் மக்கள் வராந்தாவில் நின்று பேசும் மையங்கள் ஏராளம்.

"பெரிய அரங்கத்தையே நடுவில் மடக்குத் தடுப்பு வைத்துப் பிரித்துக்கொள்ளலாமே" என்பார்கள். செய்யலாம். ஆனால் மெல்லிய தடுப்பு பார்வையை மறைக்குமே தவிர சத்தத்தை நிறுத்தாது. ஒரு பக்கம் தியானம், மறுபக்கம் பிள்ளைகளின் பாட்டு வகுப்பு என்றால் இரண்டாவது வாரமே சண்டை வரும். ஒலியைத் தடுக்கும் தரமான தடுப்புக்கு விலையும் அதிகம், எடையும் அதிகம். அதைத் தாங்கும் உத்தரத்தை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பரப்பளவிலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. தேவையான அறைகளைக் கூட்டி, அதுதான் கட்டிடத்தின் அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். சுவர், நடைவழி, படிக்கட்டு, லிஃப்ட், மின்சார அறை இதெல்லாம் எங்கே போகும்? அறைகள் மட்டும் 1,000 சதுர மீட்டர் என்றால் கட்டிடம் சுமார் 1,300 முதல் 1,500 சதுர மீட்டர் வரை வந்து நிற்கும். இதை விட்டுவிட்டு பட்ஜெட் போட்டால் முதலில் வெட்டுப்படுவது ஸ்டோர் ரூம்.

எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில் அப்படித்தான் ஆனது. 300 நாற்காலி. பத்துப் பத்தாக அடுக்கினால் 30 அடுக்கு. அடுக்குக்கு அரை சதுர மீட்டர் வைத்தாலும் நாற்காலிக்கு மட்டுமே 15 சதுர மீட்டர் வேண்டும். மடக்கு மேஜை, ஒலிபெருக்கி, உள்ளே போய்வர வழி என்று பார்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. வைக்க இடம் இல்லாததால் நாற்காலிகள் கடைசியில் அவசர வழிக் கதவுக்கு முன்னால் போய் நின்றன. கூட்டம் நிறைந்த ஒரு நாளில் தீப்பிடித்தால் அந்தக் கதவைத் திறக்கவே முடியாது. பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

முடித்துவிட்டுக் கேட்காதீர்கள்

வரைபடம் தயாரான பிறகு மக்களைக் கூட்டி "கருத்துச் சொல்லுங்கள்" என்றால், சுவரின் நிறத்தைத் தவிர அவர்கள் சொல்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான். கேட்டதை ஏற்றே ஆக வேண்டும் என்ற உறுதி அங்கே இல்லை, அதனால் அவற்றை ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு என்றே அவர் வகைப்படுத்தினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நம் கூட்டங்கள் அந்த நடுப்படிகளிலேயே நிற்பது வருத்தமாக இருக்கிறது.

மாறாக நடந்ததும் உண்டு. 2018 டிசம்பரில் திறந்த ஹெல்சிங்கியின் ஊடி மத்திய நூலகத்துக்கு, வடிவமைப்புக்கு முன்பிருந்தே மக்களிடம் யோசனைகளைத் திரட்டினார்கள். இன்று அங்கே புத்தக அலமாரிகளோடு தையல் இயந்திரங்களும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் இருக்கின்றன. வெறும் நூலகம் என்று நினைத்துக் கோடு போட்டிருந்தால் தையல் இயந்திரத்துக்கு இடம் வந்திருக்குமா?

கூட்டத்தை வேலை நாளில் பகல் 3 மணிக்கு வைப்பதும் தவறுதான். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. வருபவர்களிலும் பழக்கப்பட்ட நாலு குரல்கள்தான் ஒலிக்கும். பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், விளையாட்டு மைதானம் என்று மக்கள் நிற்கும் இடத்துக்கே போய்க் கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கட்டிடத்தின் குறை நிறைகள் துப்புரவுப் பணியாளருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

படிக்கட்டின் கம்பீரம்

தரையிலிருந்து 90 செ.மீ. உயர்த்திக் கட்டினால் கட்டிடம் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல நாடுகளின் விதிகள் ஏற்றுக்கொள்ளும் சரிவு 1க்கு 12. அதாவது 90 செ.மீ. ஏற 10.8 மீட்டர் நீளம் தேவை. ஒரே மூச்சில் ஏற முடியாது என்பதால் நடுவில் 1.5 மீட்டர் சமதளமும் விட வேண்டும். மொத்தம் 12 மீட்டரைத் தாண்டிவிடும். வரைபடத்தை முடித்துவிட்டு இதைச் சேர்க்கப் பார்த்தால் முன்பக்கம் இடம் இருக்காது, சாய்தளம் பின்பக்கம் குப்பைத் தொட்டி அருகே போய்விடும். எல்லோருக்குமான மையத்தில் சிலர் மட்டும் பின்வாசலால் வர வேண்டுமா? தரைமட்டத்தை 15 செ.மீ. ஆகக் குறைத்தால் 1.8 மீட்டர் சரிவு போதும். எல்லோரும் ஒரே வாசலில் நுழையலாம். மழைநீர் உள்ளே வராதபடி வடிகாலைச் சரியாகப் போட்டால் இதில் தயங்க ஒன்றுமில்லை.

கழிப்பறையை ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம அளவில் பிரிப்பது நியாயம்போலத் தோன்றும். பெண்களுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது, பெரும்பாலும் குழந்தைகளும் அவர்களோடுதான் போகிறார்கள். நிகழ்ச்சி இடைவேளையில் வரிசை எந்தக் கதவில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

சத்தத்தை மறப்பது

அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் படுத்துகிற தவறு இதுதான் என்பேன். 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில், பேசுவது புரியவே இல்லை. ஒரு சொல்லின் ஒலி சுமார் 5.5 விநாடி அறைக்குள்ளேயே சுற்றியது. அதற்குள் பேச்சாளர் பத்துச் சொற்களுக்கு மேல் சொல்லிவிடுவார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவும், ஒலியை உறிஞ்சும் பரப்பும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன என்பதை அவர் அப்படித்தான் கண்டறிந்தார்.

அதற்குப் பிறகும் உயரமான கூரை, கண்ணாடிச் சுவர், வழுவழு டைல்ஸ் மூன்றையும் ஒரே அரங்கில் சேர்க்கிறோம். பிறகு மைக்கைக் குறை சொல்கிறோம். மைக் சத்தத்தைக் கூட்டும், தெளிவைக் கூட்டாது. பேச்சுக்கான அறையில் ஒலி ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். காது மந்தமான பெரியவர்களுக்கு இது கூட்டத்தில் கலந்துகொள்வதா, சும்மா உட்கார்ந்திருப்பதா என்ற வித்தியாசம். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளை முதல் எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள். செலவைக் குறைக்கும் நாளில் முதலில் அடிபடுவது அதுதான், அதனால் யாராவது ஒருவர் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

வெளியிடமும் பணமும்

1968ல் கட்டி முடித்த, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மன்றக் கட்டிடத்தின் முன்னால் செங்கல் பாவிய மாபெரும் சதுக்கம். நிழலில்லை, காற்று வீசியடிக்கிறது, ஏறி இறங்கப் படிகள் என்று பல பத்தாண்டுகள் குறை கேட்டு, மரங்களும் இருக்கைகளும் சரிவான பாதையும் சேர்த்து 2022ல்தான் மறுபடி திறந்தார்கள். திறந்தவெளி பெரிதாக இருந்தால் மட்டும் மக்கள் வந்துவிட மாட்டார்கள். நிழலும் உட்கார இடமும் வேண்டும்.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. சிட்னி ஓபரா ஹவுஸின் கூரையை எப்படிக் கட்டுவது என்று தீரும் முன்பே 1959ல் வேலையைத் தொடங்கினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10.2 கோடியில் போய் நின்றது, 1963ல் முடிய வேண்டியது 1973ல் திறந்தது. அது உலகப் புகழ் பெற்றதால் மன்னிக்கப்பட்டது. சாதாரண ஒரு மையம் பாதியில் நின்றால் கம்பி துருப்பிடிப்பதுதான் மிச்சம். கட்டும் செலவோடு மின்சாரம், சுத்தம், லிஃப்ட் பராமரிப்பு, ஆள் சம்பளம் என ஆண்டுச் செலவையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பத்து மீட்டர் உயரக் கண்ணாடியை யார், எதில் ஏறித் துடைப்பார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

டெண்டர் விடுவதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, செலவே இல்லை. காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வாசல், நடைவழி, கழிப்பறை, சிறிய கூட்ட அறை எல்லாவற்றையும் உண்மை அளவில் வரையுங்கள். ஒரு மாலை நேரத்தில் எல்லோரையும் அழைத்து அந்தக் கோடுகளுக்குள் நடக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். கழிப்பறைக் கோட்டுக்குள் அது திரும்பும்போது சக்கரம் சுண்ணாம்பை மிதித்தால், அன்றைக்கே அழித்துவிட்டு இன்னும் தள்ளிப் போடலாம்.