பிடிபட்ட போர்க்கப்பலின் வரலாற்றைத் தேடுவது எப்படி? டுகே-ட்ருவானை வைத்து ஒரு செய்முறை

பாய்மரக் காலத்துக் கடற்போரில் எதிரிக் கப்பலை மூழ்கடிப்பதைவிடப் பிடிப்பதில்தான் எல்லாருக்கும் ஆசை. ஓக் மரக் கப்பல் லேசில் மூழ்காது. பிடித்துக் கரை சேர்த்தால் மாலுமிகளுக்குப் பரிசுப் பணம், கடற்படைக்கு இன்னொரு கப்பல். இப்படிக் கொடி மாறிய கப்பலைப் பற்றிப் புதிதாகத் தேடுகிறவர்கள் பிடிபட்ட நாளிலிருந்தே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது அந்தக் கப்பலுக்குச் செய்யும் அநியாயம்! பிரான்சின் டுகே-ட்ருவான் பிரிட்டனின் இம்ப்ளாக்கபிள் ஆன கதையை வைத்து முறையாகத் தேடிப் பார்க்கலாம்.

படி 1: பிறந்த இடத்தையும் ஆண்டையும் குறியுங்கள்

பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. நம் கப்பல் 1800ல் பிரான்சின் ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் கடலில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பல். அதற்கு முன்பே இதே பெயரில், இதே 74 பீரங்கிகளோடு ஒரு கப்பல் இருந்து 1793ல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் எரிந்துபோனது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அப்புறம் எழுதுவதெல்லாம் தப்பாகிவிடும்.

படி 2: பிடிபட்ட தேதியைச் சரிபாருங்கள்

அதிகம் குழம்புவது இங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள். 1805 அக்டோபர் 21 அன்று, நெல்சனின் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படையை வென்ற டிரஃபால்கர் போரில், பிரெஞ்சு அட்மிரல் துமனுவாரின் தலைமையில் தப்பிய நான்கு கப்பல்களில் இதுவும் ஒன்று. இரண்டே வாரத்தில், நவம்பர் 4 அன்று, ஸ்பெயினின் ஒர்டெகல் முனைக்கு அப்பால் பிரிட்டனின் ஸ்ட்ராக்கன் தலைமையிலான அணி நான்கையும் பிடித்துவிட்டது, நம் கப்பலின் கேப்டன் டுஃபே அந்தச் சண்டையில் இறந்தார். பிரெஞ்சு ஆவணத்தில் இந்தத் தேதி பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அங்கே வழங்கிய புரட்சிக் காலண்டர்படி 14ஆம் ஆண்டு ப்ருமேர் 13 என்று இருக்கும். பிரிட்டிஷ் கப்பல் நாட்குறிப்புகளிலோ பழைய வழக்கப்படி நண்பகலிலேயே அடுத்த தேதி தொடங்கிவிடும், அதாவது நவம்பர் 4 பிற்பகலில் நடந்ததை 5 என்று எழுதியிருப்பார்கள். நள்ளிரவுக் கணக்குக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்ததும் அதே 1805 அக்டோபரில்தான், எல்லாக் கப்பல்களும் ஒரே நாளில் மாறவில்லை. ஆகவே ஒரு நாள் வித்தியாசம் தெரிந்தால் பதற வேண்டாம், எந்தக் கணக்கு என்று மட்டும் பாருங்கள்.

படி 3: பீரங்கிகளை ஒப்பிடுங்கள்

பிரெஞ்சு 74களின் கீழ்த்தளத்தில் 36 பவுண்டுப் பீரங்கிகள், அதாவது 36 பவுண்டு எடைக் குண்டைச் சுடுபவை, இருக்கும். பிரெஞ்சுப் பவுண்டு கனமானது, ஆங்கிலக் கணக்கில் அது கிட்டத்தட்ட 39 பவுண்டு. பிரிட்டிஷார் தங்கள் 74களில் வைத்தது 32 பவுண்டுப் பீரங்கி. எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

படி 4: புதிய எஜமானரின் ஆவணங்களுக்குப் போங்கள்

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேப்டன்களின் நாட்குறிப்புகள் ‘ஏடிஎம் 51’ என்ற வரிசையில் இருக்கின்றன. பட்டியலை இணையத்திலேயே தேடலாம். புதிய பெயரைப் போட்டுத் தேடினால் 1808ல் பால்டிக் கடலில் கேப்டன் பயாம் மார்ட்டினின் கீழ் இம்ப்ளாக்கபிள் இருப்பது தெரியவரும். சென்டார் என்ற கப்பலோடு சேர்ந்து ரஷ்யாவின் வ்செவொலோத் கப்பலை வீழ்த்தியது, தரைதட்டி நின்ற அதைக் கடைசியில் எரித்துவிட்டார்கள். டிரஃபால்கரில் நெல்சனுக்கு எதிரே நின்ற கப்பல், மூன்றே ஆண்டில் பிரிட்டனுக்காக இப்படிச் சண்டை போட்டது.

படி 5: போர் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள்

1840ல் சிரியக் கடற்கரைப் போர், 1855 முதல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பல். 1943ல் பெயர் ஃபூட்ரோயான்ட் என்று மறுபடி மாறியது, காரணம் புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு இம்ப்ளாக்கபிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜாக்கிரதை, அதே ஃபூட்ரோயான்ட் பெயரைப் பல ஆண்டுகள் சுமந்த இன்னொரு கப்பலும் உண்டு. பம்பாயில் கட்டி 1817ல் கடலில் இறக்கிய அது, நம் திருகோணமலையின் பெயர் கொண்ட டிரிங்கோமலி.

பராமரிக்கப் பணம் இல்லை என்று நம் கப்பலை 1949 டிசம்பர் 2 அன்று ஆங்கிலக் கால்வாயில் வெடி வைத்து மூழ்கடித்தார்கள், அப்போது பிரிட்டிஷ் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் சேர்ந்தே பறந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதன் முகப்புச் சிற்பமும் பின்புற அலங்காரமும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பயிற்சிக்கு அடுத்ததாக ஸிப்பியோனை எடுங்கள், அதே நவம்பர் 4 அன்று பிடிபட்டது. பெயர் மாறவில்லை, அதனால் தேடுவது சுலபம். 1811ல் ஜாவா படையெடுப்பில் பிரிட்டிஷ் அட்மிரல் ஸ்டாப்ஃபோர்டின் கொடிக்கப்பல் (தளபதி இருந்து வழிநடத்தும் கப்பல்) அதுதான், அங்கிருந்து பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.