போலந்து லீக் கோல் கணக்கு: எழுதும்போது எங்கெல்லாம் தவறு நேர்கிறது

போலந்துக் கால்பந்து என்றதும் நினைவுக்கு வருகிற முதல் பெயர் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி. முதல் தவறும் அங்கேதான் தொடங்குகிறது. அந்நாட்டு லீகில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் அவரைத் தேடினால் வெகு கீழேதான் கிடைப்பார். முதல்நிலை லீகில் அவர் ஆடியது லெஹ் போஸ்னான் அணிக்காக இரண்டே சீசன், 2008 முதல் 2010 வரை. 58 ஆட்டங்கள், 32 கோல்கள். 2009–10இல் 18 கோலுடன் முதலிடம் பிடித்தார், ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குக் கிளம்பிவிட்டார். போலந்தின் இன்னொரு பெரிய பெயரான ஸ்பிக்னியெவ் போனியெக் ஒரு சீசனில்கூட லீகின் கோல் மன்னனாக இருந்ததில்லை. 1974 உலகக் கோப்பையில் 7 கோல் அடித்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்த லாட்டோ, ஸ்டால் மியெலெட்ஸ் அணிக்காக இருமுறை முதலிடம் பெற்றார் (1972–73இல் வெறும் 13 கோல், 1974–75இல் 19). நாட்டுச் சட்டையில் கிடைத்த புகழை லீக் கணக்கோடு சேர்த்துவிடக் கூடாது.

லீகின் மொத்தக் கணக்கில் முதலிடம் எர்னெஸ்ட் பொல்லுக்கு: 264 ஆட்டங்களில் 186 கோல். அடுத்தவர் லெகியா வார்சாவின் லூட்சியான் பிரிஹ்ச்சி: 368 ஆட்டங்களில் 182. மூன்றாமிடத்தில்தான் சிக்கல். தொமாஷ் ஃபிராங்கோவ்ஸ்கிக்கு 168. ரூஹ் ஹொஜூஃபின் கெரார்ட் செஷ்லிக்குக்குச் சில பட்டியல்களில் 167, சிலவற்றில் 168. ஒரே ஒரு கோல் வித்தியாசம்தான், ஆனால் ஒன்றில் அவர் நான்காமவர், மற்றொன்றில் இணை மூன்றாமவர். வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்கள் இந்த இடத்தைத் தொடாமல் விடுவது நல்லது.

பொல்லின் 186ஐயும் அப்படியே குர்னிக் ஸாப்ஜெயின் கணக்கில் எழுதிவிடுபவர்கள் உண்டு. அதில் 43 லெகியாவுக்காக அடித்தவை. லெகியா அப்போது ராணுவத்தின் அணி. கட்டாய ராணுவ சேவைக்கு வந்த நல்ல ஆட்டக்காரர்களை அது தன் அணிக்கு எடுத்துக்கொள்ளும். சேவை முடிந்ததும் குர்னிக்கின் வட்டாரமான சைலீசியாவுக்குத் திரும்பிய பொல், குர்னிக்குக்காக 143 கோல் அடித்தார்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த 186 ஏன் விழவில்லை? இன்றைய ஆட்டக்காரர்கள் திறமை குறைந்தவர்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். கம்யூனிஸ்ட் ஆட்சியில் முப்பது வயதை நெருங்கும் வரை வெளிநாட்டு அணிக்குப் போக அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே ஒருவரின் மிகச்சிறந்த பத்தாண்டுகளும் உள்நாட்டிலேயே கழிந்தன. இன்று ஒரு நல்ல சீசன் போதும், ஆள் விமானம் ஏறிவிடுவார். அதனால்தான் அண்மைக்கால கோல் மன்னர்கள் பட்டியலில் ஒரே பெயர் திரும்ப வருவதில்லை: கார்லிட்டோஸ், அங்குலோ, இவி லோபெஸ், எக்ஸ்போசிட்டோ, கூலூரிஸ் என ஸ்பானியர்களும் கிரேக்கரும் ஆளுக்கு ஒருமுறை. வெளிநாட்டவரில் முதன்முதலாக 100 கோலைத் தொட்டவர் போர்ச்சுகலின் ஃபிளாவியோ பைஷாவ். அவர் 108உடன் முடித்தார்.

1927க்கு முன் லீக் இல்லை

போலந்தின் முதல் தேசியச் சாம்பியன் கிராகோவியா, 1921இல். அதன்பின் 1922, 1923, 1925, 1926 ஆகிய நான்கு பட்டங்களும் பொகோன் லுவூஃபுக்கு. (1924இல் ஒலிம்பிக் காரணமாகப் போட்டி நடக்கவில்லை.) இவை வட்டாரச் சாம்பியன்கள் மோதிய போட்டிகள், லீக் அல்ல. "பொகோன் நான்கு முறை லீக் வென்றது" என்று எழுதினால் தவறு, "நான்கு முறை தேசியச் சாம்பியன்" என்றால் சரி.

லீக் 1927 ஏப்ரலில் 14 அணிகளோடு தொடங்கியது, அதுவும் கால்பந்துச் சங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு. சங்கத்தின் பக்கம் நின்ற கிராகோவியா சேர மறுத்து அந்த ஆண்டு ஒதுங்கிவிட்டது. பட்டத்தை வென்றது வீஸ்வா கிராக்குஃப். இரண்டாமிடம், ஜெர்மன் சிறுபான்மையினரின் அணியான எஃப்சி கட்டோவிட்செவுக்கு. வீஸ்வாவின் ஹென்ரிக் ரெய்மன் அந்த ஒரே சீசனில் 37 கோல் அடித்தார். அதுதான் இன்றும் ஒரு சீசனுக்கான உச்சம்.

இந்த 37ஐ வேறு சீசன்களோடு ஒப்பிடுபவர்கள் எத்தனை சுற்று என்பதைப் பார்க்காமல் விடுகிறார்கள். 14 அணி, இருமுறை மோதல் என்றால் அணிக்கு 26 ஆட்டம். 2015–16இல் லெகியாவின் நெமன்யா நிகோலிச் 28 அடித்தபோது சீசனில் 37 சுற்றுகள். 2024–25இல் பொகோன் ஷ்செச்சினின் கூலூரிஸ் அதே 28ஐத் தொட்டபோது 34 சுற்றுகள். மறுமுனையில் 1952: ஹெல்சிங்கி ஒலிம்பிக்கை முன்னிட்டு லீகை இரு குழுவாகச் சுருக்கிவிட்டார்கள். குழுவில் ஆறு அணி, ஆளுக்குப் பத்து ஆட்டம். செஷ்லிக் 11 கோலோடு கோல் மன்னனானார். அடுத்த ஆண்டு முழு சீசன் நடந்தபோது அவரே 24 அடித்தார். 11 என்ற எண்ணை மட்டும் பார்த்து 1952ஐ மட்டமான ஆண்டு என்று சொன்னால், ஆட்டத்துக்கு ஒன்று வீதம் அடித்த மனிதரைக் குறைத்துப் பேசுகிறோம்.

விலிமோவ்ஸ்கி

இவரைப் பற்றி எழுதும்போது கணக்குகள் ஒன்றோடொன்று கலப்பது போல வேறு யாருக்கும் கலப்பதில்லை. எர்னெஸ்ட் விலிமோவ்ஸ்கி போலந்து லீகில் ஆடியது 1934 முதல் 1939 வரை மட்டும், ரூஹ் அணிக்காக. 86 ஆட்டம், 112 கோல். 1934இல் 33 கோலுடன் முதலிடம், 1936இல் தன் அணித் தோழர் தியோடர் பெட்டெரெக்கோடு ஆளுக்கு 18 அடித்து இணை முதலிடம். 1939 மே 21 அன்று யூனியன் டூரிங் வூச் அணியை ரூஹ் 12–1 என வென்றபோது அதில் 10 இவருடையவை. லீகில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிகபட்சம் இது.

அந்த 1939 சீசன் முடியவே இல்லை. செப்டம்பரில் போர். ரூஹ் முன்னணியில் இருந்தது, விலிமோவ்ஸ்கியிடம் 26 கோல்கள் இருந்தன. ஆனாலும் அந்த ஆண்டுக்குச் சாம்பியன் இல்லை. 26ஐக் குறிப்பிடலாம், "நிறைவடையாத சீசன்" என்ற இரு சொல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதேபோல் 1938 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர் அடித்த நான்கு கோலும், போர்க்காலத்தில் ஜெர்மனி சட்டையில் 8 ஆட்டங்களில் அடித்த 13 கோலும் லீக் கணக்கில் சேராது. ஜெர்மனிக்காக ஆடியதாலேயே போருக்குப் பிந்தைய போலந்தில் அவர் பெயரை உச்சரிக்கத் தயங்கினார்கள். அந்தக் காலத்துப் பட்டியல்களில் அவரைக் காணோமே என்று வியக்க வேண்டியதில்லை.

சாம்பியன் யார்: லீக் வென்றவரா?

பெரும்பாலான ஆண்டுகளில் ஆம். ஆனால் 1946, 1947இல் லீகே இல்லை. பொலோனியா வார்சாவும் வார்ட்டா போஸ்னானும் வேறு வகைப் போட்டிகளில் சாம்பியன் ஆயின. 1948இல் லீக் திரும்பியது. கிராகோவியாவும் வீஸ்வாவும் சம புள்ளியில் நிற்க, தனி ஆட்டம் வைத்து 3–1 என கிராகோவியா வென்றது.

1951தான் எல்லாரையும் விழுத்தாட்டுகிற ஆண்டு. லீக் பட்டியலில் முதலில் வந்தது வீஸ்வா. ஆனால் அந்த ஆண்டு போலந்துக் கோப்பையை வெல்பவரே நாட்டின் சாம்பியன் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. கோப்பையை வென்ற ரூஹ் சாம்பியன் ஆனது. ரூஹின் 14 பட்டங்களில் ஒன்று இப்படி வந்தது. வீஸ்வாவின் 13இல் அந்த லீக் வெற்றிக்கு இடமில்லை. பட்டங்களின் எண்ணிக்கைக்கும் லீக் முதலிடங்களின் எண்ணிக்கைக்கும் ஒன்று கூடவோ குறையவோ வந்தால் 1951ஐப் பாருங்கள்.

1993 வேறு கதை. கடைசி நாள், ஜூன் 20. லெகியாவும் எல்கேஎஸ் வூச்சும் சம புள்ளி, கோல் வித்தியாசத்தில்தான் பட்டம். லெகியா வீஸ்வாவை அதன் மண்ணிலேயே 6–0 என வென்றது. எல்கேஎஸ் ஒலிம்பியா போஸ்னானை 7–1. இந்த எண்களைப் பார்த்து யாரும் நம்பவில்லை. போலந்துக்காரர்கள் இன்றும் அதை "அற்புதங்களின் ஞாயிறு" என்று கிண்டலாகச் சொல்கிறார்கள். சங்கம் இரு முடிவுகளையும் ரத்து செய்தது, பட்டம் மூன்றாமிடத்தில் இருந்த லெஹ் போஸ்னானுக்குப் போனது. லெகியாவுக்கு 15 பட்டம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. 16 என்று எங்காவது கண்டால் அது 1993ஐச் சேர்த்த ரசிகர்களின் கணக்கு.

பெயர் ஒன்று, அணி வேறு

பொகோன் லுவூஃப் போரோடு முடிந்துபோன அணி. அதன் நகரம் இன்று உக்ரைனின் லிவிவ். பொகோன் ஷ்செச்சின் போருக்குப் பின் பால்டிக் பக்கம் உருவான வேறொரு அணி, அது சாம்பியன் ஆனதே இல்லை. நான்கு பட்டங்களை இதன் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள். பொலோனியாவிலும் வார்சா ஒன்று, பிட்டோம் ஒன்று.

ஸ்டாலினியக் காலத்தில் குழப்பம் இரட்டிப்பாகிறது. 1949இலிருந்து சில ஆண்டுகளுக்கு அணிகள் தங்கள் பழைய பெயரை இழந்து தொழிற்சங்கப் பெயர்களைச் சுமந்தன. வீஸ்வா "குவார்டியா கிராக்குஃப்" ஆனது (குவார்டியா என்றால் காவல்துறை அணி). ரூஹ் "ஊனியா", கிராகோவியா "ஓக்னிவோ", லெஹ் "கொலெயாஷ்", அதாவது ரயில்வேக்காரர். லெகியா சி.டபிள்யூ.கே.எஸ். (ராணுவ விளையாட்டுக் கழகம் என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகளில் ஒளிந்துகொண்டது. குவார்டியா வார்சா என்பது தனி அணி, வீஸ்வாவோடு அதற்குத் தொடர்பில்லை. 1949, 1950, 1951 மூன்று ஆண்டும் முதலிடம் பிடித்த தியோடர் அனியோவா "கொலெயாஷ் போஸ்னான்" என்று பதிவாகியிருந்தால், அவர் லெஹின் ஆள்தான்.

லீகின் பெயரும் இடம் மாறியது. 2008 வரை "முதல் லீக்" என்றால் உச்ச நிலை. 2008–09இல் உச்ச நிலை எக்ஸ்ட்ராக்ளாசா என்றானது, "முதல் லீக்" இரண்டாம் நிலைக்கு இறங்கியது. லெவன்டோவ்ஸ்கி ஸ்னிச் புருஷ்குஃப் அணிக்காக 2006–07இல் 15 கோலும் 2007–08இல் 21 கோலும் அடித்து முதலிடம் பெற்றவை முறையே மூன்றாம், இரண்டாம் நிலைகள். இன்றைய பெயரை அன்றைய ஆண்டோடு ஒட்டினால் அந்த 21 உச்ச நிலைக்குத் தாவிவிடும். லீகின் பெயரை எழுதுவதைவிட "இரண்டாம் நிலை" என்று எழுதுவதே பத்திரம்.

சீசன் ஆண்டு குறிக்கும்போதும் கவனம் வேண்டும். 1961 வரை வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும், ஆகவே "1959" என்று ஒற்றை ஆண்டு. 1962இல் ஒரு குறுகிய இடைக்கால சீசன், அதில் பொலோனியா பிட்டோமின் யான் லிபெர்டா 16 கோலுடன் முதலிடம். அதற்குப் பின் இரட்டை ஆண்டு. குர்னிக்கின் லுபான்ஸ்கி 1966 முதல் 1969 வரை நான்கு முறை தொடர்ந்து முதலிடம் என்றால் அது 1965–66 தொடங்கி 1968–69 வரை. நான்கு முறை முதலிடம் பெற்ற மற்ற இருவர் கிமெச்சிக்கும் ஃபிராங்கோவ்ஸ்கியும். ஃபிராங்கோவ்ஸ்கி தன் நான்காவதை 36 வயதில், 14 கோலுக்கே பெற்றார். இணை முதலிடங்களையும் விட்டுவிடக் கூடாது: 1963–64இல் மூன்று பேர் 18இல் நின்றார்கள், பிரிஹ்ச்சி அவர்களில் ஒருவர்.

புள்ளிகளை ஒப்பிடவே வேண்டாம். 1986 முதல் 1990 வரை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோல் வித்தியாசத்தில் வென்றால் ஒரு புள்ளி கூடுதல், அப்படித் தோற்றால் ஒன்று கழிவு. வெற்றிக்கு மூன்று புள்ளி 1995–96இலிருந்து. 2013 முதல் 2017 வரை 30 சுற்றுக்குப் பின் எல்லாருடைய புள்ளியையும் பாதியாக்கிவிட்டு மேலும் ஏழு சுற்று ஆடவைத்தார்கள். நல்லவேளை, கோல்களைப் பாதியாக்கவில்லை.

தமிழில் எழுதும்போது

ஆங்கில உச்சரிப்பில் படித்தால் பெயர்கள் சிதைந்துவிடும். குறுக்குக்கோடு போட்ட எல் எழுத்துக்கு ஆங்கில டபிள்யூவின் ஒலி, டபிள்யூவுக்கு வி ஒலி, ஜே எழுத்துக்கு ய. சி-எச் இரண்டும் சேர்ந்தால் ஹ. மேலே கோடுள்ள ஓ எழுத்து, உ. ஆகவே "லோட்ஸ்" அல்ல வூச், "விஸ்லா" அல்ல வீஸ்வா, "கோர்னிக்" அல்ல குர்னிக். மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருக்கும் பொல்லின் பெயர் கம்யூனிஸ்ட் காலப் பதிவுகளில் போலிஷ் வடிவிலும், பிந்தையவற்றில் ஹெச் எழுத்தோடு ஜெர்மன் வடிவிலும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான். தமிழில் குறிலாகப் "பொல்" என்றே எழுதுங்கள். நெடிலாக்கினால் "எர்னெஸ்ட் போல் கோல் அடித்தவர் இல்லை" என்ற வாக்கியத்தில் அவர் வெறும் உவம உருபாகிக் காணாமல் போய்விடுவார்.