ஜூன் மழை ஏப்ரலுக்குப் போனது எப்படி? வரைபின் அச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பைத்தன் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வட்டவளைப் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன், தோட்டத்து மழைமானிக் குறிப்பேட்டிலிருந்து பன்னிரண்டு மாத மழையளவை எடுத்து, பைத்தனில் வரைபு வரைய உதவும் மெட்பிளொட்லிப்பில் கோட்டு வரைபாக வரைந்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. வீட்டில் அதைக் காட்டியபோது, ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த அவனுடைய அப்பாயி, சித்திரை மாதத்தில் இவ்வளவு மழை எப்போது பெய்தது என்று கேட்டாராம். அங்கே தென்மேற்குப் பருவமழை மே கடைசியில்தான் பிடிக்கும், ஜூனில்தான் கொட்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. தரவில் பிழை இல்லை, கோட்டிலும் பிழை இல்லை. கோட்டுக்குக் கீழே எழுதியிருந்த மாதங்கள்தான் இடம் மாறியிருந்தன.

இந்தத் தவறை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். கிடை அச்சில் எங்கெங்கே குறி போடுவது என்பதை மெட்பிளொட்லிப் தானே முடிவு செய்கிறது. பன்னிரண்டு மாதங்களை 0 முதல் 11 வரை எண்ணி வரைந்தால், அது வழக்கமாக −2, 0, 2, 4, 6, 8, 10, 12 என்று எட்டு இடங்களைக் குறித்துக்கொள்ளும். முதல் இடமும் கடைசி இடமும் சட்டத்துக்கு வெளியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்த நிலையில் 'செட் எக்ஸ்டிக்லேபிள்ஸ்' கட்டளைக்கு மாதப் பெயர்களைக் கொடுத்தால், இருக்கிற இடங்களில் அவற்றை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும். ஜனவரி −2இல் விழுந்து மறைந்துவிடும். பெப்ரவரி 0இல், மார்ச் 2இல், ஏப்ரல் 4இல், மே 6இல். உண்மையான ஜூன் மழை இருப்பதோ 5ஆம் இடத்தில். ஆகவே மழையின் உச்சி ஏப்ரலுக்கும் மேக்கும் நடுவில் நிற்கும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒட்ட இடமே கிடைக்காது.

நிரல் நின்றுவிடாது. எச்சரிக்கையாக ஒரு வரி வரும், பலரும் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள். தீர்வு எளிது: முதலில் 'செட் எக்ஸ்டிக்ஸ்' கட்டளையால் 0 முதல் 11 வரை இடங்களை நிலைப்படுத்துங்கள், பிறகு பெயர்களைக் கொடுங்கள். 3.5ஆம் பதிப்பிலிருந்து இடங்களையும் பெயர்களையும் அதே கட்டளையில் சேர்த்தே கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்யச் சொல்கிறேன். இடமும் பெயரும் ஒரே வரியில் இருந்தால் பிரிந்து போக வழியில்லை.

அடுத்தது நம் மொழி சார்ந்தது. அச்சில் தமிழில் எழுதினால் முதலில் வெறும் கட்டங்கள்தான் வரும், ஏனென்றால் மெட்பிளொட்லிப்பின் இயல்பான எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. எச்சரிக்கையில் 2990 என்று ஓர் எண் வந்தால் பதற வேண்டாம், அது 'ம' என்ற எழுத்தின் யூனிகோட் எண். நோட்டோ சான்ஸ் டமில் போன்ற எழுத்துருவை நிறுவிக் குறிப்பிட்டால் கட்டங்கள் போய்விடும். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. 'மே' என்ற மாதத்தைப் பாருங்கள். கணினியில் 'ம' முதலிலும் இரட்டைக் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் திறன் நம்மில் பலர் பயன்படுத்தும் பதிப்புகளில் இல்லை. அதனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். 'கிலோ', 'கொழுந்து' எல்லாமே இப்படிச் சிதையும். தமிழ் தெரியாதவர் அதைக் கவனிக்கமாட்டார், நாம் கவனிக்க வேண்டும். பிளொட்லி போல உலாவியில் வரையும் கருவியைப் பயன்படுத்தலாம். அல்லது மெட்பிளொட்லிப்பில் எஸ்விஜி என்ற பட வகைக் கோப்பாகச் சேமிக்கும்போது எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கச் சொல்லலாம். அப்போது உலாவியே கொம்பைச் சரியான இடத்தில் வைத்துவிடும். சிதைந்த தமிழோடு எந்த வரைபையும் வெளியே அனுப்பாதீர்கள்.

திகதிகளிலும் கவனம் வேண்டும். நாம் நாளை முன்னால் எழுதுகிறோம். 05/06/2024 என்பது நமக்கு ஜூன் 5. பைத்தனில் அட்டவணைத் தரவைக் கையாளும் பென்டாஸ் அதை இயல்பாக மே 6 என்று படித்துக்கொள்ளும். நாள்தான் முதலில் வருகிறது என்பதை 'டேஃபர்ஸ்ட்' என்ற தெரிவால் சொல்லிவிடுங்கள். திகதிகளை மாற்றாமல் வெறும் சொற்களாகவே விட்டால், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் எழுதப்பட்டு அச்சின் அடிப்பகுதி கறுத்துப்போகும். அதைவிடப் பெரிய கேடு, கொழுந்து எடுக்காத நாள்கள் அச்சிலிருந்து சுவடில்லாமல் மறைவது. ஒரு வாரம் வேலை நின்றிருந்தாலும் முன்னும் பின்னும் உள்ள நாள்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும். அந்த வாரம் சம்பளமில்லாமல் இருந்தவர்களுக்கு அந்த இடைவெளிதான் முக்கியமான செய்தி.

நிலைக்குத்து அச்சில் வெறுமனே 'கிலோ' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எதை நிறுத்தது, ஒருவர் பறித்ததா தோட்டம் முழுவதும் பறித்ததா, ஒரு நாளா ஒரு மாதமா என்பதெல்லாம் அச்சுப் பெயரிலேயே இருக்கட்டும்: 'பச்சைக் கொழுந்து, கிலோ, ஒருவர் ஒரு நாளில்'. 'பேர்' என்று போட்டால் மலையகத்தில் ஒரு நாள் சம்பளக் கணக்கு என்று புரியும், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ படிப்பவருக்கு ஆள் எண்ணிக்கை என்றே தோன்றும். எண்கள் பத்து இலட்சத்தைத் தாண்டும்போது அச்சின் மூலையில் தோன்றும் 1e6 போன்ற அடுக்குக் குறியும் பலருக்குப் புரிவதில்லை. ஓர் இலட்சத்தால் வகுத்துவிட்டு, அச்சில் 'இலட்சம் கிலோ' என்று எழுதுங்கள்.

தோட்டப் பெயர்கள் நீளமானவை. அவற்றைச் சாய்த்து எழுதினால் பெயரின் வலது முனை குறியைத் தொடும்படி வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் சலாகையின் பெயர் போலத் தெரியும். சலாகைகளைக் கிடையாகப் படுக்கவைப்பது இன்னும் நல்லது. சேமித்த படத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திரையில் முழுதாகத் தெரிந்த அச்சுப் பெயர் கோப்பில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம். சேமிக்கும் கட்டளையில் ஓரத்தை 'டைட்' என்று கொடுத்தால் முழுப் பெயரும் உள்ளே வந்துவிடும்.