மூங்கில், பிரம்பு விளக்கு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

'இயற்கைப் பொருள்' என்று ஒரு அட்டை தொங்கினால் போதும், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். மூங்கிலும் பிரம்பும் வீட்டுக்கு வருவது எனக்கும் பிடித்த விஷயம்தான், ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் ஹோல்டரைப் பாருங்கள். தெருமுனைக் கடையில் கிடைக்கிற பின் பல்போ திருகு பல்போ மாட்ட முடிந்தால் நல்லது. எல்இடியை உள்ளேயே பொருத்தி மூடிய மாடல் என்றால், அது போனதும் பல நேரம் மொத்த விளக்கையும் குப்பையில் போட வேண்டியதுதான், கூடு எவ்வளவு நல்ல மூங்கிலாக இருந்தாலும் சரி. என்னைப் பொறுத்தவரை பல்ப் மாற்ற முடியாத விளக்கைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்கவே கூடாது.

அடுத்து, அது நிஜப் பிரம்புதானா? இப்போது பிளாஸ்டிக் பிரம்பு அச்சு அசலாக வருகிறது. பின்னலின் வெட்டிய முனையைத் தேடிப் பாருங்கள், நிஜப் பிரம்பில் பொடிப்பொடித் துளைகள் தெரியும், அங்கங்கே கணுத் தடம் இருக்கும், நிறமும் ஒரே சீராக இருக்காது.

மூங்கிலில் வேறு கவலை. அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வரும். மூன்று நான்கு வருடமாவது முற்றிய மூங்கிலை வெட்டி, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்திருந்தால் பல வருடம் தாங்கும், அதனால் பதப்படுத்தினீர்களா, எப்படி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நேரடியாகப் பின்னுகிறவரிடம் வாங்கினால் இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும், அறுந்தால் திரும்பக் கட்டித் தரவும் ஆள் இருக்கும். குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் வாங்காதீர்கள்.

வெளிச்சத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். போன் டார்ச்சைக் கூட்டுக்குள் பிடித்து, சுவரில் நிழல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். அகலப் பின்னல் என்றால் சுவரெல்லாம் கோடு கோடாக விழும், ஹாலில் அழகாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் படிக்கிற மேஜைக்கு மேலே மாட்டினால் கண்ணுக்குத் தொந்தரவு. அங்கே அடிப்பக்கம் நன்றாகத் திறந்த கூடுதான் சரி.

பல்புக்கு 2700 அல்லது 3000 கெல்வின் என்று குறித்த வார்ம் ஒயிட், அதாவது இளமஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி போடுங்கள், மூங்கிலின் நிறம் அதில்தான் எடுப்பாகத் தெரியும். பழைய குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம், இழுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் விடும், காய்ந்த நாருக்குப் பக்கத்தில் அது ஆபத்து. எல்இடிக்கும் காற்று வேண்டும், மேலும் கீழும் அடைத்த கூட்டில் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம் சமையலறையில் மாட்டாதீர்கள். எண்ணெய்ப் புகையும் தூசியும் பின்னலில் பிசுபிசுவென்று ஏறினால் எடுப்பது பெரும்பாடு. மற்ற அறைகளில் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் அவ்வப்போது தட்டிவிட்டாலே போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால் கழற்றித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், உச்சி வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும்.