மாடல் ரயில் வேலை பாதியில் நிற்காமல் இருக்க: தொடக்கக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஆசையாக வாங்கிய மாடல் ரயில் பல வீடுகளில் கடைசியில் பரணுக்குத்தான் போகிறது. கேட்டால் "நேரமே கிடைக்கலை" என்பார்கள். நேரம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கிடைக்கிற அரை மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுக்க வேண்டும். ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டவைக்கும் சால்டரிங் அயர்ன் எந்த டிராயரில் இருக்கிறது என்று தேட வேண்டும். போன தடவை எந்த ஒயர் வரை முடித்தோம் என்று யோசிக்க வேண்டும். அதற்குள் காலிங் பெல் அடிக்கும், கூரியர் வந்திருப்பார். வாங்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கையில் போன் இருக்கும். அவ்வளவுதான், அன்றைய கணக்கு முடிந்தது.

காலிங் பெல்லை நம்மால் நிறுத்த முடியாது. குழந்தை கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். அதனால் மனதை அடக்குவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. எந்த நிமிடம் எழுந்து போனாலும் கெட்டுப்போகாமல், திரும்பி வந்ததும் நேராகக் கை வைக்கும்படி வேலையை எப்படி அமைத்துக்கொள்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். முதல் முறையாகத் தண்டவாளம் போடப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: எது இழுக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு வாரம் மட்டும் இதைச் செய்யுங்கள். வேலையை விட்டு எழுந்த ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். கரண்ட் கட், பால் வாங்கப் போனது, அலுவலக அழைப்பு, எதுவானாலும் சரி.

வாரக் கடைசியில் பார்த்தால் இரண்டு வகை தெரியும். வீட்டிலிருந்து வருபவை ஒரு வகை. அவை சட்டென்று வந்து சட்டென்று போய்விடும். இன்னொரு வகை பொழுதுபோக்குக்குள்ளிருந்தே வருபவை. பெரும்பாலான நேரத்தைத் தின்பது இந்த இரண்டாவது வகைதான். ரயில் சம்பந்தப்பட்ட வேலை மாதிரியே இருப்பதால் கண்ணில் படாது.

உதாரணத்துக்கு வீடியோக்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த மினியேட்டூர் வுண்டர்லாண்ட் என்ற பிரம்மாண்டமான மாடல் ரயில் கண்காட்சி பற்றி ஒரு வீடியோ பார்த்தால் அடுத்தது தானாக ஓடும். அருமையான இடம், சந்தேகமே இல்லை. ஆனால் அது முழுநேர ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்து கட்டியது. அதைப் பார்த்துவிட்டு நம் பலகைக்குத் திரும்பினால் கை ஓடாது. வீடியோவை வேலை முடிந்த பிறகு பாருங்கள். அன்று செய்யப்போகும் வேலையைக் கற்றுத்தருவதாக இருந்தால் மட்டும் முன்னால் பாருங்கள்.

அடுத்தது வாங்குவது. இரண்டாவது எஞ்சினை ஆன்லைனில் தேடும் நேரத்தில் முதல் எஞ்சினுக்குப் பாதை போட்டுவிடலாம். கணினியில் வரைபடம் போடும் மென்பொருளும் அப்படித்தான். மூன்று விதமாக வரைந்து பார்ப்பது திட்டம். முப்பதாவது வரைபடத்துக்குப் போய்விட்டால் பலகை வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

நம் ஊர் ரயில்களைச் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: அகலம். இந்திய அகலப்பாதை 1676 மி.மீ. ஹெச்ஓ அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்காக (1:87) செய்யும்போது, அது 19.3 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதைக்கானது. இந்த 2.8 மி.மீ. வித்தியாசத்தை என்ன செய்வது என்று படித்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டிவிடலாம். முதல் தளத்துக்கு, அதாவது பலகையில் அமைக்கும் மொத்த ரயில் அமைப்புக்கு, 16.5-ஐயே போடுங்கள். கையால் அகலப்பாதை போடுவது அழகான வேலை, நான்கைந்து பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்) போட்டுப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

படி 2: முடிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்குங்கள்

பெரிய தளத்தில் ஒரு வேலை விட்டுப்போனால் எல்லாமே நின்றுவிடும். சின்னதில் அப்படி இல்லை, சீக்கிரமே ரயில் ஓடிவிடும். ஓடுகிற ரயிலைப் பார்த்தால்தான் மறுநாளும் உட்காரத் தோன்றும்.

நான் எல்லாருக்கும் சொல்வது இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய 'இங்கிள்நுக் சைடிங்' அமைப்பை. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் பக்கப் பாதை). நீளமானதில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போக ஒரு ஒற்றைப் பாதை, அதில் எஞ்சினோடு மூன்று வேகன் பிடிக்கும். மொத்தம் எட்டு வேகன். எட்டில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே கோத்து ரயிலாக்க வேண்டும். 6720 விதமான வரிசை வரும் என்பதால் அலுக்காது. குட்டை வேகன்களாக இருந்தால் ஹெச்ஓ-வில் சுமார் 4 அடிக்கு 1 அடி பலகை போதும். 1:160 அளவுள்ள 'N' ஸ்கேலில் அதில் ஏறக்குறைய பாதி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒயரிங். பாயிண்டின் நடுப்பகுதி பிளாஸ்டிக்காக உள்ள சாதாரண வகையை வாங்கினால், எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பாதைக்கு மட்டும் மின்சாரம் போகும். ஒற்றைப் பாதையில் ஒரு ஜோடி ஒயர் வைத்தால் மொத்தத் தளமும் ஓடும்.

படி 3: எடுத்து வைக்கும் வேலையைக் குறையுங்கள்

தனி அறை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அலமாரியின் மேல்தட்டு, கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்னால் உள்ள இடுக்கு, இதில் ஒன்று பலகைக்கு நிரந்தரமாக வேண்டும். எடுத்து மேசையில் வைக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் இடத்தை மாற்றுங்கள். மேலே ஒரு பழைய பருத்தித் துணியோ மூடியோ போட்டு வையுங்கள், தூசி தண்டவாளத்தில் படிந்தால் எஞ்சின் விக்கி விக்கி ஓடும்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரு வேலைக்கு ஒரு டப்பா. ஸ்வீட் கடையில் தரும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களே போதும். ஒயர் வேலைக்கானதில் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவுவது), சிவப்பு கருப்பு ஒயர், கட்டர், சின்ன அரம் எல்லாம் இருக்கட்டும். கட்டர் வேறு வேலைக்கும் தேவையென்றால் இன்னொரு கட்டர் வாங்கிவிடுங்கள். பணம் வீண் மாதிரி தோன்றும், ஆனால் தேட எழுந்திருப்பதுதான் போனைக் கையில் எடுக்க வைக்கும் முதல் காரணம்.

போனைப் பக்கத்து அறையில் சார்ஜில் போடுங்கள். வரைபடம் வேண்டுமென்றால் தாளில் அச்செடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த வேலையைப் பாதியில் விடலாம்?

எல்லா வேலையும் குறுக்கீட்டைத் தாங்காது. அதனால் கையில் உள்ள நேரத்தையும் வீட்டின் நிலவரத்தையும் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் விடக்கூடியவை: வேகனுக்குப் பெயின்ட் தொடுவது, அட்டையில் கட்டிடம் வெட்டுவது, ஒயர் நுனிகளைச் சீவி வைப்பது, தண்டவாளம் துடைப்பது. வீட்டில் எல்லாரும் விழித்திருக்கும் மாலை நேரத்துக்கு இவைதான் சரி.

தொடங்கினால் முடித்தே ஆக வேண்டியவற்றில் முதலிடம் ஜல்லிக்கு. தண்டவாளத்துக்கு நடுவே பொடி ஜல்லியைத் தூவி, மெல்லிய பிரஷ்ஷால் சமப்படுத்தும் வரை நிறுத்தலாம். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளித்துவிட்டால் பிறகு எழுந்திருக்கக்கூடாது. ஈரம் காய்வதற்குள், ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காய்ந்துவிட்டால் பசை உள்ளே இறங்காமல் ஜல்லியை உருட்டிக் குழி பறித்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு அடி நீளம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் பசை போகவே கூடாது. அப்புறம், ஜல்லி தூவும்போது ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள். வெயில் காலத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது என்பதால் இதை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகை காய வேண்டியவை. ஜல்லிக்குப் பசை விட்டால் ஒரு இரவு தொடக்கூடாது. வெயில் குறைந்த நாட்களில் படுக்கப் போகும் முன் அதை முடித்தால், காத்திருக்கும் நேரம் நம் நேரத்திலிருந்து போகாது.

படி 5: ஒரு வேலையை இப்படிப் பிரித்துப் பழகுங்கள்

தண்டவாளத்தில் ஒயர் வைப்பதையே எடுத்துக்கொள்வோம். இதைப் பார்த்தாலே புதியவர்கள் பயந்து தள்ளிப்போடுவார்கள். நான்கு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

முதலில், தண்டவாளத்தை ஒட்டி வெளிப்பக்கம் பலகையில் சின்னத் துளை போடுங்கள். சக்கரத்தின் விளிம்பு உட்பக்கமாக ஓடுவதால் ஒயர் எப்போதும் வெளிப்பக்கம்தான். இங்கே நிறுத்தலாம்.

இரண்டாவது, துளைக்கு நேராக உள்ள இடத்தை அரத்தால் லேசாக உரசிப் பளபளவென்று ஆக்குங்கள். ஒயரின் நுனியை 5 மி.மீ. சீவி, எல் வடிவில் மடக்கி, துளை வழியாக மேலே கொண்டுவாருங்கள். இங்கேயும் நிறுத்தலாம், ஆனால் ஒரு நாளுக்கு மேல் விட்டால் மறுபடி உரச வேண்டும்.

மூன்றாவது, சால்டரிங். இதுதான் நடுவில் விடக்கூடாத துண்டு. அயர்ன் நன்றாகச் சூடாகட்டும். உரசிய இடத்தின் இரு பக்கமும் ஈரப் பஞ்சைத் தண்டவாளத்தின் மேல் வையுங்கள், சூடு பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகளுக்குப் போகாது. ஃப்ளக்ஸ் தடவி, தண்டவாளத்தில் ஒரு பொட்டு ஈயம், ஒயர் நுனியில் கொஞ்சம் ஈயம் ஏற்றுங்கள். பிறகு ஒயரைத் தண்டவாளத்தோடு சேர்த்து அயர்னால் இரண்டு மூன்று விநாடி தொடுங்கள். ஈயம் ஓடிப் பளிச்சென்று பரவியதும் அயர்னை எடுத்துவிட்டு, ஒயரை ஆடாமல் பிடித்திருங்கள். ஒட்டவில்லையென்றால் தொடர்ந்து அழுத்தாதீர்கள், ஸ்லீப்பர் உருகிவிடும். ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். இந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அதற்காகவே கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். ஈயம் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டே டீ குடியுங்கள்.

நான்காவது, பலகைக்கு அடியில் ஒயரை இணைத்து எஞ்சினை வைத்து ஓட்டிப் பார்ப்பது. ஒரு பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்குக் கருப்பு என்பதை மாற்றவே மாற்றாதீர்கள்.

படி 6: எழும் முன் ஒரு வரி

எழுந்திருக்கும்போது அடுத்த வேலையை ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மூடியில் ஒட்டுங்கள். "ஒயரிங் பாக்கி" என்று எழுதினால் பயன் இல்லை. "இரண்டாவது பாயிண்டுக்கு வலது பக்கம், கருப்பு ஒயர், துளை போட்டாச்சு, உரச வேண்டும்" என்று எழுதுங்கள். திரும்பி வரும்போது யோசிக்காமல் அரத்தைக் கையில் எடுக்கும்படி இருக்க வேண்டும். அவசரமாகக் கூப்பிட்டால்கூட இதற்கு அரை நிமிடம் போதும்.

படி 7: வீட்டில் பேசிவிடுங்கள்

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டுவார்கள். "எட்டரையிலிருந்து ஒன்பது வரை உட்காருகிறேன், அடுப்பையும் பாப்பாவையும் பார்த்துக்கொள்ள முடியுமா, அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே கேட்பது நல்லது, சொன்ன நேரத்துக்கு எழுந்தும்விட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் வந்து நிற்பதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். வேகன்களை வரிசைப்படுத்துவது, சீட்டுக் குலுக்குவது, மரங்களுக்கு இடம் சொல்வது என்று அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். அயர்ன் சூடாக இருக்கும் நாட்களில் மட்டும் அருகில் விட வேண்டாம்.

பிடிக்காத வேலை ஒன்று எல்லாருக்கும் இருக்கும், அங்கேதான் எல்லாம் நிற்கும். பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டிய பிரம்மாண்டமான அமெரிக்க நகரத் தளத்தை 2019-ல் வெளியே காட்டினார். கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகும்போதும் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை கேட்டு வாங்கி, அங்கேயே கட்டிடங்களைச் செய்திருக்கிறார். ஆனால் மின்சார வேலை தனக்கு வராது என்று அதை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். நீங்களும் ஒயரிங் தெரிந்த நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு முடித்துவிடலாம், அவருடைய வேகனுக்கு நீங்கள் பெயின்ட் அடித்துக்கொடுங்கள்.

நடுவில் மாதக்கணக்கில் விட்டுப்போயிருந்தால்

பரீட்சை, கல்யாணம், வீடு மாற்றம் என்று ஏதாவது வந்து விட்டுப்போகும். திரும்ப எடுக்கும்போது நேராக எஞ்சினை வைத்து ஓட்டாதீர்கள். ஓடாது, மனசு விட்டுப்போகும். முதலில் ஐசோபிரப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடையுங்கள், துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை. கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே கருத்துவிடும். பிறகு அதே துணியால் எஞ்சினின் சக்கரங்களைத் துடையுங்கள். அடுத்து பாயிண்டின் நாக்கு இரண்டு பக்கமும் நன்றாகப் படிகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். அதற்கு மேல் எஞ்சினை ஒற்றைப் பாதையில் வைத்து மெதுவாக இரண்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஓடினால், மூடியில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு அந்த டப்பாவைத் திறங்கள்.