பாண்டிச்சேரியில் மிச்சமிருக்கும் பிரெஞ்சைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடற்கரைப் பக்கம் போய் 'கஃபே' என்று எழுதிய மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் அது கணக்கில் சேராது, அது சுற்றுலாவுக்குப் பூசிய பெயின்ட்.

முதலில் நீல நிறத் தெருப் பலகைகளைப் படியுங்கள். 'Dumas' என்று ஒரு வீதிப் பெயர் இருந்தால், ஆங்கிலம் மாதிரி 'டுமாஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி எழுத்து ஊமை, 'துய்மா' என்பதுதான் கிட்டத்தட்ட சரி. பழைய பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலகையில் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று இருந்தாலும் வழி கேட்டால் "புஸ்சி வீதியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். துய்மா வீதியில் இருக்கும் மாதா கோயிலை ஊர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள். கப்புச்சின் பாதிரிமார்கள் இருந்த இடம், அந்தப் பெயர்தான் தேய்ந்து கப்ஸ் ஆகிவிட்டது.

அப்புறம் டவுன் பஸ் பிடித்து அரியாங்குப்பமோ பாகூரோ போங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான இடம், ஆனால் யாரும் போவதில்லை. அங்கே அரசு அலுவலக போர்டில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் வைத்த நிர்வாகப் பிரிவின் பெயர் அது. வீட்டு வரி கட்ட வரிசையில் நிற்கிறவர் பிரெஞ்சு பேசுகிறோம் என்று நினைத்தா 'கொம்யூன்' என்கிறார்?

அடுத்து ஆட்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவரை இங்கே 'சொல்தா' என்பார்கள். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான். பேச்சுக் கிடைத்தால் எடுத்த எடுப்பில் பென்ஷன் எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 'போன்ழூர் முசியே' என்று ஆரம்பித்துவிட்டுத் தமிழுக்கு வந்துவிடுங்கள், உங்கள் பிரெஞ்சை விட அவருடைய தமிழ் நன்றாகவே இருக்கும்.

சாயங்காலம் பெத்தாங்க் ஆடுகிற இடத்தை விசாரித்துப் போங்கள். இரும்புக் குண்டை உருட்டிச் சின்ன மரப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அந்தப் பந்துக்குப் பெயர் 'கொஷொனே', பன்றிக்குட்டி என்று அர்த்தம். யார் குண்டு கிட்டே இருக்கிறது என்கிற சண்டை மட்டும் சுத்தமான தமிழில் நடக்கும்.