வால் இல்லேன்னா மனிதக் குரங்கா?

வால்பாறையில் டீக்கடைத் தகரக் கூரை மேல் ஒரு நாட்டுக்குரங்கு. கரன்ட் கம்பியில் போனதோ, நாய் கடித்ததோ, வால் இருந்த இடத்தில் அரை விரல் நீளம்தான் மிச்சம். "மாமா, வாலே இல்லியே, அப்ப இது மனிதக் குரங்கா?" என்றாள் அக்கா மகள். அவள்மேல் தப்பில்லை. சிம்பன்சி, கொரில்லா மாதிரி மனிதக் குரங்குகளுக்கு 'வாலில்லாக் குரங்கு' என்றும் பேர் வைத்தோமே, அந்தப் பேர் செய்கிற வேலை.

அதனால் வாலைக் கடைசியில் பாருங்கள். முதலில் நெஞ்சு. குரங்குக்கு நாய் மாதிரி ஒடுங்கிய நெஞ்சு. தோள்பட்டை எலும்பு விலாப்பக்கம் இருக்கும். கை முன்னும் பின்னும் நன்றாகப் போகும், அவ்வளவுதான். வாலில்லாக் குரங்குக்கு நெஞ்சு அகலம், தோள்பட்டை முதுகில். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறோமே, அதே தோள்.

அடுத்தது, கிளைக்கு மேலா கீழா என்று பாருங்கள். சிங்கவால் குரங்கும் கருமந்தியும் கிளைமேல் நான்கு காலில் ஓடித் தாவும். அசாம் காட்டு ஹூலக் கிப்பன் கிளைக்கு அடியில் கை மாற்றிக் கை மாற்றி வீசிப் போகும். இந்தியக் காடுகளில் வாலில்லாக் குரங்கு என்றால் கிப்பன்தான், அதுவும் வடகிழக்கில் மட்டும். தென் அமெரிக்கச் சிலந்திக் குரங்கு இந்தக் கணக்கில் அடங்காது; கையாலும் தொங்கும், வாலாலும் தொங்கும்.

தரையில் நடந்தால் இன்னும் சுலபம். வண்டலூரில் சிம்பன்சியைப் பார்த்தால் கையைக் கவனியுங்கள்: விரலை மடக்கி விரல் முட்டியை ஊன்றும். நாட்டுக்குரங்கு உள்ளங்கையை ஊன்றும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரைமேல் இருந்த குரங்கார் யாரிடமோ பறித்த கடலையை மெல்லாமல் வாயில் திணித்தார். கன்னம் எலுமிச்சை அளவு புடைத்தது. அந்தக் கன்னப்பை இருந்தால் குரங்கேதான். எந்த வாலில்லாக் குரங்குக்கும் அது கிடையாது. ஆனால் பை இல்லாவிட்டால் குரங்கில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இலை தின்னும் கருமந்திக்குக் கன்னப்பை இல்லை, வயிறுதான் பல அறை.

வாலை நம்பினால் ஏமாற்றுகிற இன்னொரு ஆள் தேவாங்கு. வெளியே தெரிகிற வால் இல்லை, ஆனால் குரங்கும் இல்லை, மனிதக் குரங்கும் இல்லை, லெமூருக்கு உறவு. மூக்கு நாய் மூக்கு போல ஈரமாக இருக்கும். தாவவே தாவாது, பிடித்துப் பிடித்து நகரும். இரவில் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி அடித்தால் இரண்டு கண்ணும் கனலாகத் திரும்பி மின்னும். குரங்குக்கு அப்படி மின்னாது.

போட்டோ எடுத்து அனுப்பி 'இது என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று: முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். பக்கவாட்டில், கை ஊன்றியிருக்கும் இடத்தோடு சேர்த்து எடுங்கள்.